இளவரசிக்கு இடமில்லையா?

பங்கு நூலகங்களைச் சீர்படுத்துவது பற்றி அண்மையில் குருக்களும் பொதுநிலையினரும் கூடிப் பேசிய கூட்டமொன்றில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. 'சரித்திரக் காதல் கதை' என்னும் பெயரில் வரும் நூறு பக்கக் குப்பைகளை அலமாரிகளிலிருந்து அகற்றி, அவ்விடத்தில் பயனுள்ள நூல்களை வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். முன்மொழிந்தவர் நம் நண்பர், நல்ல மறையுரையாளர், ஏழைகளுக்காக நீதிமன்றப் படிகளில் காத்துக் கிடந்தவர். ஆகவே எவரும் எதிர்த்துப் பேசவில்லை. நாமும் பேசவில்லை. தேநீர் வந்தது, அருந்தினோம், மலையேறி வந்துவிட்டோம். அன்று திறவாத வாய்க்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஜவ்வாது மலையில் நாம் பணிபுரியும் பங்கில் நூலகம் என்பது திருப்பொருள் அறையின் மூலையில் நிற்கும் ஓர் இரும்பு அலமாரி. அதன் மேல்தட்டில் தியான நூல்களும், புனிதர் வரலாறுகளும், யாரோ அன்பர் வழங்கிய மறையுரைத் தொகுதிகளும் உள்ளன. அவற்றின் அட்டைகள் புத்தம் புதியனவாய்ப் பளபளக்கின்றன. கீழ்த்தட்டில் சாண்டில்யன், கோவி. மணிசேகரன், விக்கிரமன் ஆகியோர் உள்ளனர். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கத்தரித்து, நூலால் தைத்து, பழுப்புத் தாள் ஒட்டிய கட்டுகள் உள்ளன. ஒருகாலத்தில் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள், தலைப்புப் பக்கமே இல்லாமல், ஆசிரியர் யாரென்றே தெரியாமல் கிடக்கின்றன. இவற்றில் முனை மடங்காத பக்கம் ஒன்றுகூட இல்லை. புளிக்கறை உண்டு, மண்ணெண்ணெய் வாடை உண்டு. எந்தத் தட்டில் உள்ள நூல்கள் படிக்கப்படுகின்றன என்பதை அறிய ஆய்வு எதுவும் தேவையில்லை.

ஏன் படிக்கிறார்கள்? இதை நம் நண்பர் கேட்கவில்லை என்பதே நம் முதல் குறை. சாமை புடைத்து, சுள்ளி சுமந்து, மாலையில் அடுப்பு மூட்டிய பின் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு அரை மணி நேரம். போளூர்ப் பேருந்து நிலையத்தில் ஜமுனாமரத்தூர் வண்டிக்குக் காத்திருக்கும் இளைஞனுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஐந்து பாகப் பெருங்காவியத்தை அந்த அரை மணியில் தொடங்கலாம், முடிப்பது எந்நாளோ. மெல்லிய நூலோ மூன்றே மாலையில் முடிந்துவிடும். வாழ்வில் ஒன்றுமே முடிவதில்லை என்று கண்டவர்களுக்கு (பட்டா விண்ணப்பம் முடிவதில்லை, கடன் முடிவதில்லை, சாலை முடிவதில்லை) ஒன்று முடிவதைக் காண்பதே இன்பம். அதுவும் நல்லபடியாக முடிவதைக் காண்பது பேரின்பம். கதையில் வரும் இளவரசன் தான் கொடுத்த வாக்கைக் கடைசிப் பக்கத்திற்குள் காப்பாற்றிவிடுகிறான். வாக்குக் கொடுத்துவிட்டு மலையேறாமலே போன எத்தனை பேரை இம்மக்கள் கண்டிருக்கிறார்கள்!

'இது தப்பித்தல்' என்கிறார்கள் அறிஞர்கள். கல்கியின் 'மோகினித் தீவு' என்னும் சிறு நாவலை எண்ணிப் பார்ப்போம். போர்க்காலத்தில் பர்மாவை விட்டுக் கப்பலில் தப்பி வந்த ஒருவன் சொல்வதாக அமைந்த கதை அது. வழியில் ஒரு தீவு. தீவில் ஓர் ஆணும் பெண்ணும். சோழ இளவரசனையும் பாண்டிய இளவரசியையும் பற்றிய கதையை அவ்விருவரும் மாறி மாறி, ஒருவரையொருவர் இடைமறித்து, செல்லச் சண்டையிட்டுக்கொண்டே சொல்கிறார்கள். குண்டுக்கு அஞ்சி, உடைமைகளைத் துறந்து ஓடிவரும் மனிதனின் கண்முன் நிலாவொளியையும் காதல் கதையையும் நிறுத்தியவர் சிறைவாசம் கண்ட விடுதலை வீரரும், நாட்டு நடப்பை நாள்தோறும் எழுதிய பத்திரிகையாளருமான கல்கி. உலகியல் அறியாமல் அவர் அதை எழுதினார் என்று எவர் சொல்வார்? இத்தகைய கதை எங்கே தேவைப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதே நம் கருத்து.

இறையியல் படித்தவர்களிடம் இறையியலாகவே பேசுவோம். புனித தோமா அக்குவினார் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில், இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 168-ஆம் கேள்வியில் விளையாட்டையும் வேடிக்கைப் பேச்சையும் எடுத்துக்கொள்கிறார். அவற்றிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று நிறுவுகிறார். அங்கே ஒரு பழங்கதையையும் சொல்கிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து, அம்புகளை விடாமல் தொடர்ந்து எய்ய முடியுமா என்று யோவான் கேட்க, எய்துகொண்டே இருந்தால் வில் ஒடிந்துபோகும் என்றானாம் அவன். மனமும் அவ்வாறே என்றாராம் யோவான். அக்குவினார் இத்துடன் நிற்கவில்லை. வேடிக்கை சற்றும் இல்லாமல், பிறர் வேடிக்கையையும் கெடுப்பவனிடம் குற்றம் உண்டு என்று நான்காம் பிரிவில் தீர்ப்பே கூறுகிறார். குருமடத்தில் இக்கேள்வியை நாம் அனைவரும் தேர்வுக்காகப் படித்தோம். தேர்வோடு மறந்தோம்.

அடுத்த குற்றச்சாட்டு, 'இவற்றில் வரும் வரலாறு பொய்' என்பது. பொய்தான், ஒப்புக்கொள்கிறோம். பல்லவன் காலத்துப் பெண் மிளகாய் அரைப்பதை நாமே ஒரு நாவலில் கண்டோம். மிளகாய் கடல்கடந்து இந்நாட்டிற்கு வந்தது போர்த்துக்கீசியர் காலத்தில். ஆயினும் யூதித்து நூலின் முதல் அதிகாரத்தை விரித்துப் பாருங்கள். நெபுகத்னேசர் நினிவேயில் அமர்ந்து அசீரியரை ஆண்டதாகக் கதை தொடங்குகிறது. அவன் பாபிலோனிய மன்னன். நினிவேயோ அவன் அரியணை ஏறுமுன், கி.மு. 612-லேயே அழிந்துபோன நகரம். இது வரலாற்று ஏடு அன்று, கதை வடிவில் அமைந்த போதனை என்பதை முதல் வரியிலேயே ஆசிரியர் காட்டிவிடுகிறார் என்று விவிலிய அறிஞர் பலர் விளக்குகின்றனர். இவ்விளக்கத்தை நாம் மறைக்கல்வி வகுப்பில் பெருமையோடு சொல்கிறோம். அதே உரிமையைப் பெட்டிக்கடை நாவலாசிரியருக்கு மட்டும் ஏன் மறுக்கவேண்டும்?

ரூத்து நூலுக்கு நான்கே அதிகாரங்கள். நீதித்தலைவர்கள் ஆண்டுவந்த காலத்தில் என்று, நம் சரித்திரக் கதைகளைப் போலவே, பழங்காலத்தைச் சுட்டித் தொடங்குகிறது. கதிர் பொறுக்க வந்த அயல்நாட்டுக் கைம்பெண், நிலக்கிழார் போவாசு, இடையில் காரியத்தை நடத்தும் மாமியார் நகோமி, களத்து மேட்டில் ஓர் இரவு. போவாசு கண்விழித்துத் திடுக்கிடும் காட்சியைப் படித்துவிட்டுப் புன்னகை செய்யாதவர் அந்நூலைப் படிக்கவில்லை.

தோபித்து நூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பிரிவினை சபைச் சகோதரரின் விவிலியத்தில் முறையான இடம் பெறாத, நம்முடைய சொத்தன்றோ அது! மணமகன்கள் எழுவர் மணவறையிலேயே மாண்டுபோன சாரா, எட்டாமவனாகத் தோபியா, வழித்துணையாக, தம்மை இன்னாரென்று வெளிப்படுத்தாமல் வரும் இரபேல் வானதூதர், பின்னாலேயே ஒரு நாய். அந்த நாய் கதைக்கு எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. கூடவே போகிறது, கூடவே திரும்புகிறது. மணநாள் இரவில் பெண்ணின் தந்தை இரகுவேல் முன்யோசனையோடு மருமகனுக்குக் குழி வெட்டி வைக்கிறார். பணிப்பெண் விளக்கோடு சென்று பார்த்து, இருவரும் நன்றாக உறங்குகிறார்கள் என்று சொன்னதும், விடியுமுன் குழியை மூடும்படி ஆணையிடுகிறார். இதைவிடச் சிறந்த நகைச்சுவைக் காட்சியை எந்த மாத நாவலில் கண்டோம்? திருச்சபை இதை ஆகம வரிசையில் வைத்திருக்கிறது. அலமாரியிலிருந்து அகற்றும்படி எப்பொதுச்சங்கமும் சொல்லவில்லை.

நம் நண்பரின் வலிமையான வாதம் இன்னும் உள்ளது. அதை நாம் தட்டிக்கழிக்க மாட்டோம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலம் சேஷாசலம் காட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று சொல்லப்பட்ட தமிழர் 20 பேர் மாண்டனர். ஜவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர். 'இத்தகைய மண்ணில் வாழ்பவர்களுக்கு அரண்மனைக் காதலைப் படிக்கக் கொடுப்பது கொடுமையல்லவா?' என்றார் நண்பர். அன்று கூட்டத்தில் நம்மை வாயடைக்கச் செய்த கேள்வி இதுவே.

விடை மலையேறும்போது கிடைத்தது. தோபித்து நூல் எங்கே தொடங்குகிறது? மன்னன் கொன்று, கேட்பாரற்று மதிலுக்கு வெளியே எறிந்த தம் இனத்தவரின் உடல்களைத் தோபித்து இரவில் எடுத்து அடக்கம் செய்வதில் தொடங்குகிறது. அதற்காகவே அவர் சொத்தை இழக்கிறார், ஓடி ஒளிகிறார். பிணங்களில் தொடங்கிய நூல் திருமணத்திலும் நாயிலும் விருந்திலும் போய் முடிகிறது. அந்நிய மண்ணில் சிதறிக் கிடந்த ஒரு மக்களினம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை அது. அவர்கள் தம் புண்ணை மறந்து அதைச் சொல்லவில்லை. புண்ணோடிருப்பவன் புண்ணைப் பற்றி மட்டுமே படிக்கவேண்டும் என்பது யார் இட்ட சட்டம்? நகரத்தில் இருப்பவர் நகைச்சுவையும் படிக்கலாம், மலையில் இருப்பவர் துயரம் மட்டுமே படிக்கலாம் என்பதும் ஒருவகைத் தீண்டாமையே என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிடுகிறோம். நண்பர் பொறுத்தருள்க.

'காதல்' என்ற சொல்லைக் கேட்டதும் கலங்குவோர்க்கு இரண்டு புனிதர்களை நினைவூட்டலாம். அவிலா நகரத் தெரேசா சிறுமியாக இருந்தபோது, தந்தைக்குத் தெரியாமல், தாயோடு சேர்ந்து வீரமும் காதலும் கலந்த பிரபுக்கதைகளைப் படித்தவர். புதிய நூல் கையில் இல்லாவிட்டால் மகிழ்ச்சியே இல்லை என்ற நிலையில் இருந்தவர். அதைப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் குறையாகவே எழுதியிருக்கிறார். நாம் அதை மறைக்கவில்லை. ஆயினும் 1577-இல் ஆன்மாவைப் பற்றி எழுத அமர்ந்தபோது அவர் கையாண்ட உருவகம் என்ன? கோட்டை! பல அறைகள் கொண்ட கோட்டையும், அதன் நடுவே காத்திருக்கும் மன்னரும். லொயோலா இஞ்ஞாசியார் 1521-இல் கால் முறிந்து படுத்திருந்தபோது கேட்டது இத்தகைய கதை நூல்களைத்தான். வீட்டில் அவை இல்லாததால் கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர் வரலாறும் கிடைத்தன. சீமாட்டியைப் பற்றிய கனவு இனித்துவிட்டு வறண்டுபோவதையும், புனிதரைப் பற்றிய நினைவு இனிமையாய் நிலைத்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தே அவர் ஆவிகளைத் தேர்ந்து தெளியக் கற்றார். ஒப்பிடுவதற்கு முதல் கனவும் தேவைப்பட்டதன்றோ? அடுத்த ஆண்டு மோன்செராத் அன்னையின் பீடத்தின் முன் இரவெல்லாம் விழித்திருந்து தம் வாளைக் காணிக்கையாக்கியதும் அக்கதைகளில் வரும் வீரர்களின் வழக்கத்தைப் பின்பற்றியே.

சாண்டில்யனின் நாயகி வருணனைகளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவற்றில் சில பக்கங்களைப் பங்குக் குரு என்ற முறையில் வேகமாகப் புரட்டியிருக்கிறோம். இரண்டு தாள் தள்ளினால் வாட்போர் வந்துவிடும்.

1605-இல் வெளிவந்த செர்வாந்தெஸின் 'டான் குவிக்ஸாட்' நாவலிலும் ஒரு பங்குக் குரு கதை நூல்களை எரிக்க வருகிறார். ஆனால் ஒவ்வொரு நூலையும் கையிலெடுத்ததும் அதன் தன்மையைச் சொல்கிறார். சிலவற்றைப் புகழ்ந்து காப்பாற்றிவிடுகிறார். எல்லாவற்றையும் அவர் முன்பே படித்திருக்கிறார் என்பதே அங்குள்ள நகை. நம் கூட்டத்தில் கை உயர்த்தியவர்களுள் எத்தனை பேர் படித்திருந்தார்கள்?

தமிழ்க் கத்தோலிக்கருக்கு இவ்விலேசான கதைமரபு அந்நியமும் அன்று. தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. எழுதியவர் மாயவரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. நம் திருச்சபையின் மகன். பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. அதன் நாயகி ஞானாம்பாள் ஆண்வேடத்தில் விக்கிரமபுரி அரசையே ஆளுகிறாள். வீரமாமுனிவர் 'தேம்பாவணி'யைத் தந்த கையாலேயே 'பரமார்த்த குரு கதை'யையும் தந்தார். கர்தினால் வைஸ்மேன் 1854-இல் 'பபியோலா' எழுதினார். அதுவும் சரித்திரக் கதையே. இவர்களின் வாரிசுகளாகிய நாமோ தீர்மானம் போடுகிறோம்.

தீங்கு வேறொரு திசையில் இருக்கிறது. நண்பர் அங்கே பார்க்கவில்லை. சரித்திரக் கதை எப்போது நஞ்சாகிறது? சிரிப்பை இழக்கும்போது. இன்று ஒவ்வொரு சாதியாரும் ஒரு மன்னனைத் தமக்கு உரியவன் என்று கொண்டாடி, அவன் படத்தைச் சுவரொட்டியில் அச்சிட்டு, விழா நாளில் ஊர்வலம் போகிறார்கள். நம் இளைஞர் சிலரும் கழுத்தில் செபமாலையோடு அவ்வூர்வலத்தில் நடக்கிறார்கள். அவர்களை அங்கே அனுப்பியது நூறு பக்கக் காதல் கதை அன்று. பெருமிதத்தோடு மட்டுமே எழுதப்பட்ட, எவரும் சிரிக்காத வரலாறே அனுப்பியது. இலேசான கதையில் மன்னன் ஒற்றனிடம் ஏமாறுவான். இளவரசன் காதலியிடம் வாதத்தில் தோற்பான். தோழி இருவரையும் கேலி செய்வாள். இவனைத் தூக்கி எந்தக் கொடியில் வைப்பது? 'பொன்னியின் செல்வன்' 2022, 2023-இல் திரைக்கு வந்தபோது எந்த மன்னன் எந்தச் சாதி என்று ஊரெல்லாம் பேசினார்கள். ஆழ்வார்க்கடியானை யாரும் உரிமை கொண்டாடியதாக நாம் கேள்விப்படவில்லை.

இக்கதைகள் மீது நமக்கும் ஒரு வழக்கு உண்டு. மலைமக்கள் அவற்றில் வேலும் கையுமாக வந்து நாயகியைக் கடத்துவார்கள், நாயகன் மீட்பதற்காக. அல்லது இளவரசனுக்கு வழிகாட்டிவிட்டு அம்பு பட்டு இறப்பார்கள். அவர்களுக்குப் பெயரும் இராது, காதலும் இராது. இம்மலையோ கதைக்கு வறண்ட மண் அன்று. மலையாளி மக்களின் தோற்றம் பற்றி வடஆர்க்காட்டு மாவட்டக் கையேட்டில் இடம்பெற்று, 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதியிலும் எடுத்தாளப்பட்ட மரபுக்கதை ஒன்று உண்டு. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டார்கள், இகழ்ச்சியோடு மறுக்கப்பட்டார்கள், சினந்து ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றார்கள். மீட்க எழுவர் புறப்பட்டனர், ஏழு நாய்களோடு. நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் இறந்ததாகக் கொண்டு கருமாதி செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கடந்தார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன! எழுவரும் வேடர்களை வென்று வீடு வந்தபோது மனைவியர் கைம்பெண்கள், இவர்கள் செத்தவர்கள். சாதியை இழந்த அவ்வெழுவரும் வேடர் குலப் பெண்களையே மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்தார்களாம்.

எந்தப் பெண்ணினத்தை மறுப்பதற்காகப் போரிட்டார்களோ, அந்தக் குலத்துப் பெண்களிடமே வாழ்வு கிடைத்தது. காரணம், தண்ணீருக்கு அஞ்சிய ஏழு நாய்கள். இதில் காதல் உண்டு, சரித்திரம் உண்டு, சாதிச் செருக்கின் தலையில் விழுந்த குட்டும் உண்டு. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கலாம். மலை இறங்கிச் செங்கம் பக்கம் போனால் எடுத்தனூர் நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஆநிரை மீட்டு மாண்ட தலைவனை மட்டுமன்றி, கள்வர் இருவரைக் கடித்து நின்று காத்த கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். தோபியாவின் நாய்க்குக்கூட விவிலியத்தில் பெயர் இல்லை! இவற்றை நூறு பக்கத்தில், சிரிக்கச் சிரிக்க, எழுத நம் மறைமாவட்டத்தில் ஒருவரும் இல்லையா? அகற்றுவதற்குத் தீர்மானம் போட்டவர்கள் எழுதுவதற்கு ஒரு பரிசுத் திட்டமாவது அறிவித்திருக்கலாம்.

இறுதியாக, நம் சொந்தக் குற்றம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இளங்குருவாக ஒரு மாணவியர் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தோம். இரவுப் படிப்பு நேரத்தில் கணக்கு நோட்டுக்குள் வைத்து மாத நாவல் படித்த மலைப்பெண் ஒருத்தியைப் பிடித்து, எல்லோர் முன்னும் நிறுத்தி, கண்டித்து, நூலைப் பறித்துக்கொண்டோம். அப்போது அது கடமை என்றே தோன்றியது. அந்த ஆண்டோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். நாவல் காரணமன்று, வீட்டு நிலை. நூல் நம் பெட்டியோடு பங்கு பங்காக மாறி வந்தது.

சென்ற ஆண்டு திருவிழாவுக்கு நடுவயதுப் பெண்மணி ஒருவர் மகளோடு வந்தார். வணக்கம் சொன்னார். நம்மை அடையாளம் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு கோட்டைய உட்டு வெளிய வந்துச்சா, சாமி?"

நமக்குத் தெரியவில்லை. பறித்த நாளிலிருந்து நாம் அதைப் படிக்கவே இல்லை. அன்றிரவு பெட்டியைத் திறந்து தேடியெடுத்து, 96 பக்கங்களையும் படித்தோம். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, வெளியே வந்துவிட்டாள் என்றும், காவற்காரன் மீசையை ஒற்றன் மழித்துவிட்ட கலவரத்தில் பின்வாயில் வழியாக வந்தாள் என்றும் சொன்னோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மகளிடம் திரும்பி, "நான் சொல்லல?" என்றார்.

அந்நூல் இப்போது நம் பங்கு அலமாரியின் கீழ்த்தட்டில், பதிவேட்டில் எண் இடப்பட்டு இருக்கிறது. அகற்ற வருபவர் முதலில் அதைப் படித்துவிட்டு வரட்டும். இரவல் ஏட்டில் அவருக்கு முன் பதினொரு பெயர் இருக்கிறது, வரிசையில்தான் கொடுப்போம்.